கொற்கையிலிருந்து கடல்வரை

கொற்கையில் இன்று கடல் இல்லை. சங்கப் பாடல்களின் வழியே அவ்வூரை அறிந்தவர்கள் அங்கு முதலில் காண்பது வாழைத் தோட்டங்களையும் நெல் வயல்களையும் ஒரு பெரிய குளத்தையுமே. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் கிழக்கே சென்றால்தான் மன்னார் வளைகுடா. பாண்டியரின் பெருந்துறையாக விளங்கிய இடம், தாமிரவருணியின் கழிமுகச் சமவெளியில் ஏரலுக்கு அருகே ஒரு சிற்றூராக அடங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து தொடங்கி, நதி போன வழியே கடல்வரை சென்று பார்ப்பது என்பதே எங்கள் பயணத்தின் திட்டம். மண் மேடிட மேடிடத் துறைமுகம் கிழக்கே நகர்ந்திருக்கிறது. எனவே மேற்கிலிருந்து கிழக்கே செல்பவர் காலத்திலும் முன்னோக்கிச் செல்கிறார்: கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், பிறகு வடக்கே தூத்துக்குடி.

கொற்கைக் குளக்கரையில் வெற்றிவேல் செழிய நங்கை கோயில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இப்பெயரே போதும். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுச் சாந்தி செய்ததாக அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. அதே ஊரில் அக்கசாலை என்ற பெயரைத் தாங்கிய ஒரு கோயிலும் உண்டு. அக்கசாலை என்றால் பொன்வேலை செய்யும் இடம், நாணயச்சாலை. பலியிடப்பட்டவர்களின் தொழிற்கூடமும் பலி கொண்டவளின் கோயிலும் நடந்து சென்றுவிடும் தூரத்தில் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு கட்டுவது ஆபத்து என்பதையும் அறிவோம். ஊரிலுள்ள வன்னிமரத்துக்கு 2,000 வயது என்கிறார்கள். மரம் மறுத்துப் பேசவில்லை.

மண்ணுக்கடியில் கிடைத்தவை இன்னும் உறுதியானவை. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்து, இதுவே கிரேக்கர் குறித்த ‘கொல்கை’ என்று நிறுவினார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்குக் கிடைத்த கரிமாதிரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021இல் மீண்டும் தோண்டியபோது செங்கல் கட்டுமானங்களோடு சங்குகளும் சங்கு வளைத் துண்டுகளும் வெளிப்பட்டன. முத்துக்குப் பெயர்பெற்ற ஊரின் மண் சங்கைத்தான் மிகுதியாகக் காத்து வைத்திருக்கிறது. முத்து விற்றுப்போகும் பொருள். அறுத்த சங்கின் மிச்சம் யாருக்கும் வேண்டாதது. எனவே அது ஊரிலேயே தங்கிவிட்டது.

அந்த முத்தை எடுத்தவர்கள் யார்? முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் இதற்குத் தரும் விடை திகைக்க வைப்பது. கொல்கையில் முத்துக்குளித்தல் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்படுகிறது என்கிறது அது. சங்கப் பாடல்களிலோ முத்தெடுப்பவர் பரதவர். கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடியினர். இரண்டில் எதை ஏற்பது? பெரிப்ளூஸின் ஆசிரியர் மேலைக்கடற்கரைத் துறைகளைத்தான் நேரில் கண்டவர் என்றும், குமரிக்கு அப்பாற்பட்டவற்றைக் கேட்டறிந்து எழுதினார் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். அதுவே எங்களுக்கும் பொருத்தமாகப் படுகிறது. அரசுக்குரிய தொழில், காவலர் சூழ்ந்த கரை, மூச்சடக்கி மூழ்கும் மனிதர் என்று ஒரு மாலுமி விவரித்ததைக் கேட்ட வேற்றுநாட்டார், இத்தகைய வேலையைத் தண்டனைக்காகவன்றி வேறெதற்காகச் செய்வார்கள் என்று எண்ணியிருக்கலாம். இது எங்கள் ஊகமே. குற்றவாளிகளும் உண்மையிலேயே கடலில் இறக்கப்பட்டிருக்கக் கூடும். எப்படியாயினும், முத்துக்குளிப்பவரைக் குறித்து வெளியுலகம் எழுதி வைத்த முதல் செய்தி அவர் ஒரு கைதி என்பதாகும்.

கொற்கையை விட்டுக் கிழக்கே வந்தால் பழையகாயல். தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் பேருந்து நின்று கிளம்பும் ஊர். ஒரு புறம் உப்பளங்கள். 2009 முதல் அணுசக்தித் துறையின் சிர்க்கோனியம் ஆலை ஒன்றும் அருகே இயங்குகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘காயில்’ என்று எழுதிய மாநகரம் இதுவே என்பது கால்டுவெல்லின் முடிபு. இங்கே அவர் சீன, அரேபிய மட்பாண்டச் சில்லுகளை மண்ணிலிருந்து பொறுக்கியிருக்கிறார். ஓர்முசிலிருந்தும் ஏதெனிலிருந்தும் கப்பல்கள் குதிரைகளோடு வந்திறங்கிய துறை இது. வந்த குதிரைகள் இந்நாட்டில் நெடுநாள் பிழைப்பதில்லை என்று போலோ வருந்துகிறார். அரிசிச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை, ஆண்டுதோறும் புதிய குதிரைகளை வாங்க நேர்கிறது என்பது அவர் சொல்லும் காரணம்.

முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் விரிவாக எழுதுகிறார். ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை பருவம். வணிகர்கள் கூடிக் குளியாட்களைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டி வைக்கும் பிராமணர்களுக்கு. இம்மந்திரம் பகலில் மட்டுமே செல்லும். இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், இருளில் திருட்டுத்தனமாக எவரும் மூழ்காதிருக்க! சுறாவையும் காவலாளியாக்கிய அந்த ஏற்பாட்டை நினைத்து நாங்கள் வெகுநேரம் சிரித்தோம். இவ்வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 19ஆம் நூற்றாண்டின் இடையில் இலங்கைப் பக்கத்துச் சலாபத்தை விவரித்த எமர்சன் டென்னெண்ட், அக்காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று குறித்திருக்கிறார். மதம் மாறியது, சுறா மாறவில்லை. கடல்கட்டியின் பங்கை எழுதத் தவறாத பயணிகள், ஒரு பருவம் முடிந்து எத்தனை குளியாட்கள் வீடு திரும்பினார்கள் என்று எழுதவில்லை.

காயலும் மணலில் அடைபட, துறை ஆற்றின் வாய்க்கே இறங்கியது. ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் செல்லும் பாதையில் வெற்றிலைக் கொடிக்கால்கள். பாதை முடியுமிடத்தில் கடல். 1530களில் இக்கரை முழுவதும் ஒரு பெரும் மாற்றத்துக்கு உள்ளானது. முத்துப் பார்களின் உரிமை குறித்து முஸ்லிம் வணிகருக்கும் பரதவருக்கும் மூண்ட பூசலில், பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் காவலை நாடினர். வழிகாட்டியவர் ஜோவான் த குரூஸ் என்னும் குதிரை வணிகர். கைம்மாறாக, ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பிரான்சிஸ் சேவியர் வந்தது அதற்குப் பின், 1542இல். இம்மாற்றத்தை ஆசை காட்டிய மதமாற்றம் என்று ஒரு சாராரும் அருளின் வெற்றி என்று மற்றொரு சாராரும் எழுதி வந்துள்ளனர். இருவருமே பரதவரைச் செயப்படுபொருளாக்குகின்றனர். தம் கடலைக் காக்க அன்று கிடைத்த ஒரே கடற்படையோடு அவர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்றே நாங்கள் காண்கிறோம்.

அதே ஆண்டுகளில் பூமியின் மறுபக்கத்தில், வெனிசுவேலாக் கரையோரம், குபாகுவா என்னும் வறண்ட தீவில் ஸ்பானியர் முத்தெடுத்துக் கொண்டிருந்தனர். பிடித்துவரப்பட்ட பழங்குடி அடிமைகள் விடியல் முதல் அந்திவரை மூழ்கச் செய்யப்பட்டு மடிந்தனர். லாஸ் காஸாஸ் பாதிரியார் இக்கொடுமையை மனம் கொதித்து எழுதினார். 1530களின் இறுதிக்குள் சிப்பி தீர்ந்தது. தீவின் நகரமான நுவேவா காதிஸ் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பெரிப்ளூஸ் சொன்ன கைதிகளின் கடல் அங்கே மெய்யாயிற்று. புன்னைக்காயலுக்கு அக்கதி நேராததற்குக் காரணம் போர்த்துக்கீசியரின் கருணை என்று சொல்ல மாட்டோம். இங்கே குளியாட்களுக்குத் தலைவர்களும் ஊர்களும் இருந்தன. அவர்கள் மறுத்தால் பருவம் நடவாது.

புன்னைக்காயலை இலக்கிய வாசகர்கள் நினைக்க வேறொரு காரணமும் உண்டு. இக்கரையின் மக்களிடம் தமிழ் கற்ற அண்ட்ரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்துக்கு ஆசிரியர். 1586இல் அச்சேறிய அவரது ‘அடியார் வரலாறு’ இவ்வூரில்தான் அச்சிடப்பட்டது என்பர். 1600இல் அவர் இங்கேயே இறந்தார். தமிழின் முதல் அச்சு உரைநடையில் படிந்திருப்பது புலவர் தமிழன்று, இம்முத்துக்கரையின் பேச்சு. ஏட்டில் இடம்பெறாதவர்களின் நாவசைவு அச்சில் இடம்பெற்றுவிட்டது.

தூத்துக்குடியின் வரலாறு பலரும் எழுதியது. 1658இல் டச்சுக்காரர், 1825இல் நிலையாக ஆங்கிலேயர். ஆட்சி மாறியும் சலாபத்தின் முறை அதிகம் மாறவில்லை. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள். கல்லின் பாரத்தில் ஒருவர் இறங்க, மற்றவர் இளைப்பாறுவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். 1889ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரில் கண்டு எழுதினார் எட்கர் தர்ஸ்டன். அக்காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. சிப்பி திறக்கப்படும் முன்பே ஏலத்தில் போய்விடும். உள்ளே முத்திருந்தால் அது ஏலம் எடுத்தவரின் நற்பேறு.

பார்களில் சிப்பி விளைவது எக்காலத்திலும் நம்பத்தகாதது. பல ஆண்டுகள் வெறுமையாகக் கழியும், திடீரென்று கோடிக்கணக்கில் விளையும். 1955இல் தொடங்கிய கடைசிச் சலாப வரிசை 1961இல் முடிந்தது. அதன்பின் நடைபெறவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் செயற்கையாகக் கரு வைத்து முத்தை விளைவித்தனர். ஆய்வகத்தில் வெற்றி கண்ட அது, கரையின் தொழிலாக வேர்விடவில்லை. ஜோ டி குரூஸ் தூத்துக்குடியைப் பற்றிய தம் பெருநாவலுக்குக் ‘கொற்கை’ என்றே பெயரிட்டார். நகர்ந்துபோன துறையின் பெயரும் கூடவே நகர்ந்திருக்கிறது.

முத்து நின்றாலும் மூழ்குதல் நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கச் செல்கிறார்கள். கல்லும் கயிறும் இப்போது இல்லை. படகில் காற்றழுத்தப் பொறி, அதிலிருந்து ஒரு நீண்ட குழாய், அதன் முனையை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். முன்பு ஒரு நிமிடம் கீழே இருந்தவர் இன்று வெகுநேரம் இருக்கலாம். அவசரமாக மேலேறினால் குருதியில் காற்றுக் குமிழ் கட்டி முடக்கிவிடும், உயிரும் போகலாம். எடுத்த சங்கு தரம் பிரிக்கப்பட்டு வங்காளத்துக்குப் போகிறது. அங்கே அதை அறுத்து மணப்பெண்ணுக்கு வளையல் செய்கிறார்கள்.