வழக்கறிஞராதற்குரிய தகுதி

செங்கற்பட்டு நீதிமன்றத்திற் கருப்பங்கியணிந்து நிற்கும் இளைஞரைக் காணுந்தோறும், இந்நிலை எய்துதற்கு இவர் கடந்த வாயில்கள் யாவையென நம்மவர் வினவுதலுண்டு. மக்களை வக்கீல் தொழிலிற் புகுத்த விழையும் பெற்றோர்க்குப் பயன்படுமாகலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பொதுப்பணிக்குத் தகுதி வகுத்தல் இந்நாட்டிற்குப் புதிதன்று. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துப் பொறித்த கல்வெட்டு, குடவோலையிற் பெயரெழுதப்படுவார்க்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட அகவையும் வேண்டுமென்கின்றது. ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லார்க்கோ அரைக்கால்வேலி நிலமே அமையுமாம். அச்சபை அந்தணர்க்கே உரியது, ஏனையோர்க்குத் திறந்ததன்று. எனினும், கல்வியை முன்னிட்டுப் பொருட்டகுதியைக் குறைத்தமை நாம் கருதற்பாலது.

ஆங்கிலராட்சியில் 1879-ஆம் ஆண்டுச் சட்டமும், 1926-ஆம் ஆண்டுப் பார் கௌன்சில் சட்டமும் வக்கீல் தொழிலுக்கு வரம்பு கட்டின. பெண்பாலார்க்கு இருந்த தடை 1923-இல் தான் சட்டத்தால் நீங்கிற்று. சென்னையிற் பட்டம் பெற்ற பின்னரும் மூத்தார் ஒருவரிடம் ஓராண்டு பயிலுதல் வேண்டும். நெல்லூர்ச் சீமையில் ஓர் அர்ச்சகர்க்கு மகனாய்ப் பிறந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், பி. ஆர். சுந்தரமையரிடம் அங்ஙனம் பயின்றே பெரும்புகழெய்தினார். ஆனால், மூத்தார் எவரையும் அறியாத குடியிற் பிறந்தார்க்கு அவ்வாயில் எளிதிற் றிறவாதன்றோ?

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பயிற்சியையும் அதன்பின் தேர்வையும் வேண்டிற்று. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை நீக்கிற்று. 1995-இல் இந்தியப் பார் கௌன்சில் ஓராண்டுப் பயிற்சியை மீண்டும் விதித்தது. சட்டம் நீக்கியதனை விதியாற் புகுத்த அதற்கு அதிகாரமின்றென 1999-இல் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. 2010-இல் வகுத்த அகில இந்தியத் தேர்வை 2023-இல் ஐவர் அமர்வு ஏற்றது. பல மாநிலங்களிற் பல்லாயிரமாய் வளர்ந்திருந்த பதிவுக்கட்டணம் 750 ரூபாயின் மிகலாகாதென்றும், பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாயே என்றும் 2024-இல் அந்நீதிமன்றம் தீர்த்தது.

இங்ஙனம் பொருளும் அறிமுகமுமாகிய தாழ்கள் சட்டத்தளவிற் கழன்றன. 2018 முதல், மாமல்லபுரத்துக்கு வடக்கே புதுப்பாக்கத்திலேயே அரசினர் சட்டக்கல்லூரியும் நடைபெறுகின்றது. ஆயினும், விதி வேண்டாதொழியினும் தொழில் ஆசானை வேண்டுகின்றது. வழக்குரை எழுதலும் சான்றினரை வினவலும் ஏட்டால் மட்டும் வாரா. இளையார்க்குத் திங்கள்தோறும் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் 20,000 ரூபாயும், ஏனையிடங்களில் 15,000 ரூபாயும் குறையாது அளிக்க வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2024-இற் கூறியதும் இதுபற்றியே.

ஆதலின், நம் சங்கத்து மூத்த வக்கீல்மார் ஆண்டுக்கொரு வறிய மாணாக்கரையேனும் தம்பால் அமர்த்தி, உதவித்தொகையும் ஈந்து பயிற்றுவாராக. அம்மாணாக்கர் நம் குலத்தவராதல் வேண்டுமென்னும் நியதியும் வேண்டா. அடைத்த கதவின் புறத்தே நின்ற துயரை நம் முன்னோர் அறிவர். நாம் பிறர்க்குக் கதவடைத்தல் தகாது.