ஹோயா கொடிகளின் அடையாளச் சிக்கல்: ஒரு வரலாற்று நோக்கு

எருக்கம்பூவின் நடுவே முடிபோல எழுந்து நிற்கும் உறுப்பு தமிழ்நிலத்தார் நன்கறிந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹோயா கொடியின் பூவிலும் அம்முடி உண்டு. மெழுகில் வார்த்தது போன்ற தடித்த இதழ்கள் அதனைச் சூழ்ந்திருக்கும். ஆசியாவின் வெப்பக் காடுகளிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள இப்பேரினத்தில் 300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இன்று இவை உலகெங்கும் வீட்டுச் செடிகளாகத் தொகுக்கப்படுகின்றன. தொகுப்போர் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டு கணுக்கள் கொண்ட ஒரு தண்டுத் துண்டே. அது பூக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். சிற்றினத்தை உறுதிசெய்யும் சான்றோ பூவில்தான் இருக்கிறது. அதுவரை அக்கொடியின் அடையாளம் ஒரு சீட்டை மட்டும் நம்பி நிற்கிறது. இந்நிலையைத் தொகுப்பாளரின் கவனக்குறைவாக மட்டும் கருதுவது பொருந்தாது. பேரினம் பெயர் பெற்ற நாளிலிருந்தே இச்சிக்கல் தொடர்கிறது.

ராபர்ட் பிரௌன் 1810இல் ஹோயா பேரினத்தை நிறுவினார். நார்தம்பர்லாந்து கோமகனின் சயான் மாளிகைத் தோட்டத்தைப் பேணிய தாமஸ் ஹோய் என்பவரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது. தோட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய பேரினம், பின்னர்த் தோட்டங்களிலேயே குழம்பியது ஒரு வேடிக்கை. பிரௌன் இதில் சேர்த்தவற்றுள் ‘ஹோயா விரிடிஃப்ளோரா’வும் ஒன்று. அது தமிழில் கொடிப்பாலை எனப்படும் செடியே. வான் ரீடின் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ ஒன்பதாம் தொகுதியில் (1689) ‘வட்டகாக்கக்கொடி’ என்னும் மலையாளப் பெயருடன் இது முன்பே படமாக இடம்பெற்றிருந்தது. ஹாஸ்கார்ல் 1857இல் அம்மக்கள் வழக்கையே இலத்தீன் வடிவாக்கி ‘வட்டகாக்கா’ என்னும் பேரினத்தை அமைத்தார். ஆக, ஹோயாவின் முதற்பட்டியலிலேயே பின்னர் வெளியேற்றப்பட வேண்டிய ஒரு கொடி இருந்தது.

அடுத்த கட்டம் இலண்டனை அடுத்த சிஸ்விக்கில் தொடங்குகிறது. அங்கிருந்த தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்தில் வளர்ந்த ஹோயாக்களை ஜேம்ஸ் டிரெய்ல் 1830இல் விவரித்தார். சீனத்தில் சங்கத்துக்காகச் செடி திரட்டிய ஜான் பாட்ஸின் பெயரால் ‘பாட்ஸியை’ அமைந்தது. அக்கட்டுரையிலேயே தனிச் சிற்றினமாகச் சொல்லப்பட்ட ‘அங்குஸ்திஃபோலியா’ பிற்காலத்தில் பாட்ஸியையின் வேறுபாடாகவும், பின் அதன் இணைப்பெயராகவும் ஒடுங்கியது. பெயரின் பொருள் ‘குறுகிய இலையுடையது’ என்பது. ஒரே கொடியிலும் இலையின் அகலம் ஒளிக்கும் ஈரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறக்கூடும் என்பதை இன்றைய வளர்ப்போர் நேரில் காண்கின்றனர். இலையை நம்பிப் பெயரிடுவதன் இடர் அன்றே வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

சதைப்பற்றுள்ள பூவை அழுத்தி உலர்த்தினால் முடியின் வடிவம் நசுங்கிவிடும், நிறமும் போய்விடும். எனவே இப்பேரினத்தில் ஓவியம் வெறும் அழகுக்கானதன்று, அதுவே சான்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ தொகுதிகளுக்கு (1838–1853) ரங்கையா, கோவிந்து ஆகிய இந்திய ஓவியர்கள் வரைந்தனர். தென்மேற்கு இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் ‘ஹோயா பௌசிஃப்ளோரா’ 1848இல் அத்தொகுதிகளிலேயே பெயர் பெற்றது. அதே ஆண்டில் ‘கர்ட்டிஸ் தாவரவியல் இதழில்’ ஹூக்கர் ‘ஹோயா பெல்லா’வை அறிமுகப்படுத்தினார். அது தாமஸ் லாப் பர்மாவிலிருந்து வீட்ச் நாற்றங்காலுக்கு அனுப்பியது. ஒன்று அது வளரும் நாட்டில் எழுதப்பட்டது. மற்றது கடல்கடந்து கண்ணாடி வீட்டில் வளர்க்கப்பட்டது. பெல்லா பின்னர் 1825இலேயே பெயரிடப்பட்டிருந்த ‘லான்சியோலாட்டா’வின் துணையினமாக வைக்கப்பட்டது. வணிகச் சீட்டுகளில் மட்டும் பழைய பெயர் அசையவில்லை.

பெரிய இழப்பு 1943 மார்ச்சில் நேர்ந்தது. நியூகினியில் களப்பணியாற்றிய ருடால்ஃப் ஷ்லெக்டர் 1913இல் அப்பகுதியின் எருக்குக் குடும்பத் தாவரங்களை விரிவாக எழுதியிருந்தார். அவருடைய மாதிரிகள் பெர்லின் தாவரவியல் களஞ்சியத்தில் இருந்தன. குண்டுவீச்சில் அக்களஞ்சியம் எரிந்தபோது பல ஹோயாக்களின் வகைமாதிரிகளும் அழிந்தன. பிற களஞ்சியங்களுக்கு அனுப்பப்பட்ட படிகள் இருந்தால் நன்று. இல்லையெனில் எஞ்சுவது விளக்கவுரையும் படமும் மட்டுமே. நியூகினியிலிருந்து வந்த ஒரு கொடிக்கு ஷ்லெக்டரின் பெயரைச் சூட்டும் தொகுப்பாளர், ஒப்பிட ஏதுமில்லாத பெயரையே பல நேரங்களில் சூட்டுகிறார்.

தொகுப்பாளரிடையே அன்றாடம் எழும் ஐயங்களுள் ‘கார்னோசா’, ‘பியூபிகாலிக்ஸ்’ பற்றியது பழமையானது. மெரில் 1918இல் பிலிப்பைன்ஸிலிருந்து விவரித்த பியூபிகாலிக்ஸின் பெயரே அதன் புல்லிவட்டம் மயிருடையது என்பதைக் குறிக்கிறது. பூக்காத கொடியில் அதைக் காண இயலாது. நீண்ட இலையும் வெள்ளிப் புள்ளியும் குறிப்பு தரலாம், தீர்ப்புத் தரா. பூ மலர்ந்தபின் முடியின் மடல்களையும், ஊசிமுனையால் எடுத்த மகரந்தத் திரள்களையும் உருப்பெருக்கியில் நோக்கி அளப்பதே நம்பத்தக்க முறை. உலர்த்துவதோடு, சில பூக்களைச் சாராயத்தில் இட்டு வைப்பதும் இதனாலேயே வழக்கமாயிற்று.

ஐயத்தை ஐயமாகவே எழுதவும் தாவரவியலில் வழி உண்டு. ‘ஒப்பிடுக’ எனப் பொருள்படும் ‘சி.எஃப்.’ குறியும், ‘நெருங்கியது, ஆனால் அதுவன்று’ எனப் பொருள்படும் ‘அஃப்.’ குறியும் இதற்கானவை. விற்பனையில் முதலில் உதிர்வது இக்குறிகளே. ஐயமற்ற பெயர் கூடுதல் விலை பெறும் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். இதற்கு மாறாகச் சில நாற்றங்கால்கள் ஒவ்வொரு கொடிக்கும் ஓர் எண் இட்டு, பெயர் மாறினும் எண்ணை மாற்றாமல் வைத்தன. பெயர் என்பது ஒருவரின் கருத்து. எண்ணோ இன்ன இடத்தில் எடுத்த இன்ன செடி என்னும் செய்தி. மரபணுப் பகுப்பாய்வு வந்தபின்னும் அச்செய்தியின் தேவை குறையவில்லை. ஆய்வகம் ஒரு கொடியின் வரிசையை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் காட்டும். அந்த இன்னொன்று எக்காட்டிலிருந்து வந்தது என்பதை அதன் சீட்டுதான் சொல்ல வேண்டும்.