இப்னு ஸீனாவும் அபினும்

நம் இல்லங்களில் குருமாவுக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசாவின் பெயர் அரபு மொழியில் ‘கஷ்காஷ்’. அதே செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகிறது. கிரேக்கச் சொல்லை அரபியர் ‘அஃப்யூன்’ என்றாக்கினர். அதுவே தமிழில் அபின் என வழங்குகிறது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பது நம் வழக்கம். ஆயினும் பண்டைய ஹகீம்கள் இதனைக் கையாண்ட முறை நாம் அறியத் தக்கதாகும்.

அஷ்ஷைகுர் ரயீஸ் இப்னு ஸீனா தமது ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் பெருநூலில் நோவு தணிப்பதற்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளார். நோவின் காரணத்தை நீக்குவதே மெய்யான சிகிச்சை. உணர்வை மரக்கச் செய்யும் ‘முகத்திராத்’ வகை மருந்துகள் அடுத்த நிலையினவே என்பது அன்னாரின் கருத்து. அவ்வகையுள் வலிமை மிக்கது அபின். எனினும் அதனை அவர் விலக்கிவிடவில்லை. நோயாளியின் வலு நோவைத் தாங்குமா, நோவின் கேடு பெரிதா, மருந்தின் கேடு பெரிதா என மருத்துவன் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். கடும் நோவு ஆளைக் கொன்றுவிடவும் கூடும். மருந்தோ வேறு வகையில் தீங்கு செய்தாலும் உயிரைப் போக்காமல் விடக் கூடும். இதுவே அவர் காட்டும் நியாயம்.

இவ்வளவு எச்சரித்த அன்னாருக்கே அபினின் மிகுதி நேர்ந்தது. மாணவர் அல்ஜூஸ்ஜானி எழுதிவைத்த வரலாற்றின்படி, இறுதிக் காலத்தில் அவருக்குச் சூலைநோயும் அதைத் தொடர்ந்து வலிப்பும் கண்டன. வலிப்புக்காக உட்கொண்ட ‘மித்ரூதீதூஸ்’ என்னும் கலவையில், அவரது பொருளைக் கையாடியிருந்த ஊழியர்கள் அபினை மிகுதியாகச் சேர்த்துவிட்டனராம். அதிலிருந்து தப்பினார், ஆயினும் உடல் முற்றும் தேறவில்லை. 1037-இல் ஹமதானில் மறைந்தார்.

செடியின் பாலில் ஒரு குறை உண்டு. நிலத்துக்கு நிலம் அதன் வீரியம் மாறும். ஆகவே அளவு பிடிபடாது. 1805-ஐ ஒட்டி ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் ஸெர்ட்யூர்னர் என்னும் இளம் மருந்தாளுநர் அபினின் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1817-இல் அதனை விரிவாக வெளியிட்டார். அதுவே மார்பின். இத்தகைய தாவரச் சாரங்களுக்கு 1819-இல் ‘ஆல்கலாய்டு’ என்ற பெயர் வந்தது. அதன் வேர் செடிச் சாம்பலைக் குறிக்கும் ‘அல்கிலீ’ என்னும் அரபுச் சொல்லாகும். (ஐரோப்பியர் நம்மவரிடம் பெற்ற சொற்களின் பட்டியல் நீளமானது; இங்கு அது வேண்டா.) அளவு நிச்சயமான பின்னரே, இப்னு ஸீனா சொன்ன நிறுவை மருத்துவர் கைக்கு எளிதாயிற்று.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்பினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆயினும் புற்றுநோயின் நோவில் துடிப்பவருக்கு மருத்துவர் இதனை எழுதும்போது, “ஹராம் ஆயிற்றே!” என்று வீட்டார் கலங்குகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முன் இத்தகைய வினா எழுந்ததுண்டு. அழுகிய கையை வெட்டியெடுக்க நேர்ந்தால், மதுவல்லாத, அறிவை மயக்கும் மருந்தைக் கொடுக்கலாமா? ஆகும் என்பதே மிகச் சரியான கருத்து என அன்னார் தீர்ப்பளித்துள்ளார்கள்.