மூன்று சென்ட்டில் ஒரு மாமரம்

ஒரு தெருவின் சாதியைத் தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கொல்லையில் நிற்கிற மரத்தைப் பார்த்தால் போதும். மருங்காபுரியிலிருந்து துவரங்குறிச்சி வழியாக நத்தம் பக்கம் போகிறவர்கள் கண்ணில் மாந்தோப்புகள் படாமல் இருக்காது. செந்தூரமும் கல்லாமையும் காய்க்கிற பூமி அது. ஊர்த்தெருப் புழக்கடைகளிலும் மா நிற்கும், தென்னை நிற்கும். சேரிக்குள் நுழைந்தால் முருங்கை, பூவரசு, வேம்பு, மிஞ்சினால் ஒரு பப்பாளி. மண்ணும் மழையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். "அவங்களுக்கு மரம் வைக்கிற பழக்கமே கெடையாதுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான்கு ஏக்கர் தோப்பில் குழி வெட்டியவன் யார், குடம் குடமாய்த் தண்ணி சுமந்தவள் யார், ராக்காவல் படுத்தவன் யார் என்று அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

விஷயம் காலத்தில் இருக்கிறது. முருங்கைப் போத்தை ஒடித்து ஊன்றினால் அடுத்த வருஷமே காய் பறிக்கலாம். பப்பாளிக்கு ஒரு வருஷம்கூட ஆகாது. தின்று போட்ட கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு மா பலன் தர எட்டு, பத்து வருஷம் பிடிக்கும். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கும்தான். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கொட்டை போட்டால் தாய்மரத்தின் ருசி அப்படியே வராது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பெருமையாய்ச் சொல்லும் இமாம்பசந்த் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான். எப்படியானாலும், மாங்கன்று வைக்கிறவனுக்கு ஒரு நிச்சயம் வேண்டும். பத்து வருஷம் கழித்தும் நாம் இங்கேயேதான் இருப்போம், எவனும் "காலி பண்ணு" என்று வரமாட்டான் என்ற நிச்சயம். சேரிக்கு அது எப்போது இருந்தது?

நிலம் விற்ற, தானம் கொடுத்த பழைய சாசனங்களில் மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் என்று ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வரும். நிலத்தைக் கொடுத்தால் அதில் நிற்கிற மரமும் போய்ச் சேரும். சோழர் செப்பேடுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தானம் பெற்றவர்கள் சுட்ட செங்கல்லால் மாளிகை கட்டலாம், கிணறு தோண்டலாம், மாவும் பலாவும் தெங்கும் கமுகும் நடலாம் என்று உரிமைகளை வரிசைப்படுத்துகின்றன. அதே வரிசையில், தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்றும் வருகிறது. மரம் நடுவதற்கே ராஜா அனுமதி தர வேண்டியிருந்தது என்றால், அனுமதி கிடைக்காதவர்கள் யார் என்ற கேள்வி நமக்கு வந்தாக வேண்டும். பறைச்சேரியும் கல்வெட்டில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்நத்தம், கம்மாணசேரி, சுடுகாடு இவற்றோடு சேர்த்து வரி இல்லாத இடமாக அதைக் குறிக்கின்றன. வரி இல்லையே என்று சந்தோஷப்பட முடியவில்லை. வரிக்கணக்கில் வராத இடத்துக்கு உடைமைக்கணக்கும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கும் முந்தி இன்னொரு கணக்கு இருந்தது. வைசாலி நகரத்துக் கணிகை அம்பபாலிக்குச் சொந்தமாக ஒரு மாந்தோப்பு. புத்தர் அங்கே தங்கினார், அவள் வீட்டில் உண்ண ஒப்புக்கொண்டார். அந்த விருந்தை எங்களுக்கு விட்டுக்கொடு, லட்சம் தருகிறோம் என்று லிச்சவி இளவரசர்கள் கேட்டார்கள். வைசாலியையே கொடுத்தாலும் முடியாது என்றாள். பிறகு தோப்பைச் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தாள். தன்னுடையதாக இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. அசோகன் வழிநெடுக ஆலமரமும் மாந்தோப்பும் வைத்ததைத் தூணில் எழுதியது பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். அலகாபாத் தூணில் உள்ள ராணியின் சாசனத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. ராணி காருவாகி கொடுத்த மாந்தோப்போ, பூங்காவோ, தருமசாலையோ எதுவானாலும் அவள் பேரில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு. மரம் யார் பேரில் என்பது அப்போதே எழுதிவைக்க வேண்டிய சங்கதியாக இருந்திருக்கிறது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்கீர் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் குடிசை நிற்கிற மண்ணைப் பற்றியும் பேசினார். மிராசுதார் நினைத்தால் குடிசையைப் பிரித்தெறியலாம். அந்தப் பயத்தை வைத்தே ஆளைப் பண்ணையில் கட்டிப்போடலாம். அந்த அறிக்கையிலிருந்து 1892-இல் பிறந்ததுதான் பஞ்சமி நிலம். அது எங்கே போயிற்று என்பது வேறு கதை. அதைக் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

தெற்கே ராமநாதபுரத்தில் 1931-இல் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது போட்ட பதினொரு தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, நகை கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பவை அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். நிலத்தைப் பற்றிய தடை அவ்வளவு பேசப்படுவதில்லை. இருக்கிற நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது. மழைத்தண்ணியில் ஏதாவது விளைந்தாலும் அறுக்கிற நேரத்தில் கொள்ளையடிக்கப்படும். இப்படி ஒரு ஊரில் பத்து வருஷத்து மரத்தை எவன் வைப்பான்?

மருங்காபுரி பாளையமாக இருந்து ஜமீனான ஊர். ஜமீன் பகுதிகளுக்கென்று 1908-இல் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் வந்தது. அதன் 12-ஆம் பிரிவு குடியானவனுக்கு நல்ல சேதிதான். சட்டம் வந்தபின் அவன் தன் நிலத்தில் நடுகிற மரத்தை அனுபவிக்கலாம், வெட்டலாம். எந்த ஒப்பந்தமும் வழக்கமும் அதைத் தடுக்காது. ஆனால் 'ரயத்து' என்றால் சாகுபடி உரிமை உள்ளவன். பண்ணையில் கூலிக்கு நிற்கிறவன் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டான். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தபோதும் பட்டா ரயத்துக்குப் போயிற்று, பண்ணை நிலம் ஜமீன்தாருக்கே நின்றது, புறம்போக்கு சர்க்காருக்குப் போயிற்று. கூலியாள் நின்ற இடத்திலேயே நின்றான்.

அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்று 1961-இல் ஒரு சட்டம். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25. குடியிருப்பு மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. கேரளத்தில் குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை உரிமை கிடைத்தது. பத்து சென்ட் என்றால் நாலு தென்னை, ஒரு பலா, ஒரு மா வைத்துக்கொண்டு வீட்டையும் கட்டலாம்.

நமக்குக் கிராமத்தில் கொடுப்பது மூன்று சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாமரத்துக்குப் பத்து மீட்டர் இடைவெளி என்பது வழக்கமான அளவு. பத்துக்குப் பத்து நூறு சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். மரத்தை வைத்தால் வீட்டைக் கிளைமேல்தான் கட்ட வேண்டும்! ஐந்து மீட்டர் இடைவெளியில் ஒட்டுக்கன்று வைத்து, வருஷா வருஷம் கவாத்து பண்ணி, குட்டையாகவே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் தோட்டக்கலைக்காரர்கள். அப்படியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கக்கூசுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் மகன் கல்யாணமானால் இறக்குகிற ஒத்தச் சாய்ப்புக்கும் அந்த மிச்சத்துக்குள்தான் இடம் பார்க்க வேண்டும். 1998-இல் மேலக்கோட்டையில் திறந்த சமத்துவபுரத்தில் ஐந்து சென்ட் கொடுத்தபோது கொல்லை என்ற ஒன்று கிடைத்தது. காலனி மனைக்கு அந்த அளவு ஏன் பொருந்தாது என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

அதனால் நம் ஆட்கள் மரத்தைப் புறம்போக்கில் வைக்கிறார்கள். வாய்க்கால் கரையில், ரோட்டோரத்தில், காலனிக்குப் பின்னால் கிடக்கிற தரிசில். வைத்து, ஆடு கடிக்காமல் முள்ளு கட்டி, தண்ணி ஊத்தி வளர்த்து, பூ எடுக்கிற வருஷத்தில் ஒருத்தன் வந்து "இது ஊருப் பொதுமரம், ஏலம் விடணும்" என்பான். மரம் வைத்தவனிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அப்படி ஒரு காகிதம் இருக்கிறது. புறம்போக்கில் நிற்கிற மரத்தின் பலனை அனுபவிக்கக் கொடுக்கிற மரப்பட்டா அது. கிராமக் கணக்கில் 2சி என்று தனிப் பதிவேடே உண்டு. நிலத்துக்கு அது உரிமை தராது, மரத்துக்கு மட்டும்தான். எந்தப் புறம்போக்கிலும் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இருந்தாலும் கன்று இடுப்பு உயரம் வரும்போதே மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் பேரில் எழுதுவது நல்லது. தண்ணி ஊத்தினது அவர்கள்தானே. காய்த்தபிறகு போய் நின்றால் நமக்கு முன்னால் அங்கே வேறு எவனாவது மனுவோடு நிற்பான்.