கப்பலின் அடித்தளத்தில் வந்த மீன்கள்

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே திரும்பி, உப்பளங்களின் வெண்மையைக் கடந்து கோவளத்துக் கடற்கரையை அடைகிறவன், மணலில் உலரும் வலைகளையும் கரையேற்றிய படகுகளையும் காண்பானேயன்றி, சீன வர்த்தகத்தால் செழித்த ஐரோப்பியக் கம்பெனி ஒன்று இவ்வூரில் கால் ஊன்றியிருந்தது என்பதை நினைக்கமாட்டான்.

புனித ரோமச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸிடம் 1722-ஆம் ஆண்டில் சாசனம் பெற்ற ஆஸ்டெண்டு கம்பெனிக்கு இந்தியாவில் இருந்த குடியிருப்புகள் இரண்டு. ஒன்று வங்காளத்துப் பாங்கிபஜார், மற்றொன்று நம் கோவளம். அக்கம்பெனியின் பெருலாபம் சீனத்துக் காண்டன் துறைமுகத்துத் தேயிலையிலும் பீங்கானிலும் இருந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அதைப் பொறாமல் முறையிட்டதனால், 1727-இல் சாசனம் நிறுத்திவைக்கப்பட்டு, 1731-இல் வியன்னா உடன்படிக்கையால் அந்த வர்த்தகம் முற்றுப்பெற்றது.

அக்காலக் கப்பல்களில் சரக்கு ஏற்றிய முறை கவனிக்கத்தக்கது. ஈரம் பட்டால் தேயிலை கெடும். பீங்கானோ ஜலத்தால் சேதமடையாது. ஆகையால் பீங்கான் பெட்டிகளை அடித்தளத்தில் பரப்பி, அவற்றின்மேல் தேயிலையை அடுக்கினார்கள். தாமரைக் குளத்தில் நீந்தும் கெண்டைகளும், நீர்ப்பாசியினூடே திரியும் நண்டுகளும், ஜோடி வாத்துகளும் தீட்டப்பெற்ற தட்டுகள், கசிந்த கடல்நீர் தேங்கும் இருட்டிலேயே சமுத்திரங்களைக் கடந்தன.

அச்சித்திரங்கள் நீருக்கு அஞ்சாமைக்குக் காரணம் அவற்றைச் செய்த விதமே. சீனத்து ஜிங்டெஜென் நகரத்துக் கைவினைஞர், வெண்களிமண்ணால் வனைந்து உலர்த்திய பாத்திரத்தின்மீது கோபால்ட்டு நீலத்தால் எழுதி, அதன்மேல் பளிங்குபோன்ற பூச்சுக் கொடுத்து, சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டார்கள். சுடாத களிமண் வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால், தவறாக இழுத்த கோட்டைத் திருத்த வழியில்லை. ஒரு மீனின் வளைவு ஒரே கைவீச்சில் அமைய வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் அந்த நீலத்துக்குரிய கனிப்பொருள் பாரசீகத்திலிருந்து சென்றது. சீன மொழியில் மீனுக்கும் மிகுதிக்கும் ஒலி ஒன்றே ஆதலால், மீன் எழுதிய தட்டு அவர்களுக்குச் செழிப்பின் மங்கலச் சின்னமுமாயிற்று.

சீனத்தோடு நம் கரைக்குள்ள சம்பந்தம் ஐரோப்பியர் உண்டாக்கியதன்று. சோழரின் தூதுவர்கள் 1015-ஆம் ஆண்டிலேயே சீன அரசவையை அடைந்திருக்கிறார்கள். கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் சீனக் கலங்களின் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, லாங்சுவான் சூளைகளின் பச்சைக் கலங்களும் ஜிங்டெஜென்னின் நீலவெண் கலங்களும் உடைந்த துண்டுகளாக வெளிப்பட்டன. அந்த லாங்சுவான் சூளைகள் நடுவில் இரண்டு மீன்களைப் புடைப்பாகப் பதித்த தட்டுகளுக்குப் பேர்போனவை. பாண்டியனின் இலச்சினையும் இணைக்கயலே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆயினும் கடலால் இணைந்த இரு தேசங்கள் ஒரே உருவத்தைத் தேர்ந்துகொண்டன என்பதை எண்ணும்போது உள்ளம் உவக்கிறது. தட்டை மலாய் மக்கள் ‘பிங்கான்’ என்கிறார்கள். ஊறுகாய் ஜாடியை நாம் ‘பீங்கான் ஜாடி’ என்கிறோம். அந்தக் கடல்வழி நம் சமையலறைச் சொல்லிலும் தங்கியிருக்கிறது.

கோவளத்தில் ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் எழுந்த கோட்டையை 1752-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் கைப்பற்றினான். பின்னர் அது தகர்க்கப்பட்டது. கம்பெனி போயிற்று, கோட்டையும் போயிற்று. மட்பாண்டத்தின் இயல்போ வேறு. உடைந்தாலும் அது அழிவதில்லை, கோபால்ட்டு நீலம் உப்புக்காற்றிலும் வெளுப்பதில்லை. ஆகவே இக்கரையோரத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறவர்களும், பாண்டி விளையாடச் சில்லுத் தேடும் சிறுமியரும், பளபளக்கும் வெண்துண்டு ஒன்று கையில் அகப்பட்டால், எறிவதற்குமுன் கழுவிப் பார்த்து, ஐயமிருப்பின் தொல்லியல் துறையாரிடம் காட்டவேண்டும். அதில் ஒரு மீனின் வால் மட்டுமே எஞ்சியிருக்கலாம்; அதுவும் நம் கடற்கரையின் சரித்திர ஏட்டில் ஒரு வரியே.