வளவும் மொட்டை மாடியும் - திறந்த கார்களின் கதை

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் போய் ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு வளவு தெரிந்திருக்கும். நடுவில் திறந்த முற்றம். சுற்றிலும் தூண்களும் ஓட்டுச் சாய்ப்பும். வெயிலும் மழையும் வீட்டுக்குள்ளேயே வந்து போகும், ஆனால் வீடு கொஞ்சமும் ஆட்டம் காணாது. அதே வீட்டின் மொட்டை மாடிக்கு ஏறினால் கதை வேறு. வானம் முழுசாகக் கிடைக்கும், ஆனால் தலைக்கு மேல் எதுவும் இருக்காது.

கார் உலகத்திலும் இப்படி இரண்டு கட்சிகள் உண்டு. கூரை முழுவதையும் மடக்கிப் பின்னால் தள்ளிவிடும் கன்வர்ட்டிபிள் மொட்டை மாடி மாதிரி. பின்பக்க வளைவும் கண்ணாடியும் அப்படியே நிற்க, தலைக்கு மேல் இருக்கும் பலகையை மட்டும் கழற்றும் டார்கா வகை வளவு மாதிரி. இதில் எது சிறந்தது என்ற சண்டைக்கு அறுபது வருடத்துக்கும் மேல் வயது. அந்தச் சண்டையின் ஆரம்ப அத்தியாயத்தில் நம்ம சென்னையில் தயாரான ஒரு காரின் சொந்தக்காரரும் வருகிறார் என்பதுதான் விசேஷம்.

கூரை எப்போது வந்தது?

முதலில் எல்லாக் கார்களுமே திறந்த கார்கள்தான். குதிரை வண்டியின் தொடர்ச்சியாக வந்ததால் கித்தான் ஹூட்டும், மழை வந்தால் பக்கவாட்டில் மாட்டும் திரையும் போதும் என்று இருந்தார்கள். மூடிய கார் என்பது பணக்காரர் சமாச்சாரம். அமெரிக்காவில் ஹட்சன் நிறுவனம் 1922-ல் எஸ்ஸெக்ஸ் கோச் என்ற மூடிய காரைக் குறைந்த விலைக்குக் கொண்டு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. சில வருடங்களிலேயே மூடிய கார் சாதாரணமாகி, திறந்த கார் ஆடம்பரமாகிவிட்டது. மலிவாக இருந்தது அபூர்வமானதும் விலை ஏறிய கதை. வணிகவியல் வகுப்பில் சொல்ல வேண்டிய உதாரணம்!

இன்னொரு மாற்றமும் நடந்தது. பழைய கார்களில் அடியில் ஒரு இரும்புச் சட்டம் (சேஸிஸ்) இருக்கும், பாடி அதன் மேல் உட்காரும். பிறகு வந்த கார்களில் பாடியே சட்டம். தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி போல பலம் கொடுக்கும். ஒரு அட்டைப் பெட்டியை மூடி ஒட்டி முறுக்கிப் பாருங்கள், அசையாது. மேல் மூடியை வெட்டிவிட்டு முறுக்குங்கள், சுலபமாக வளையும். காரிலும் இதே கணக்குதான்.

சென்னை ஹெரால்டு

இங்கேதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வருகிறது. இங்கிலாந்தில் 1959-ல் வெளியான டிரையம்ப் ஹெரால்டு காரை, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இங்கே தயாரித்தது. மற்ற நிறுவனங்கள் பாடியையே சட்டமாக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு மட்டும் பழைய பாணியில் தனிச் சேஸிஸோடு வந்தது. அதன் பாடி பல துண்டுகளாக போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. கூரையும் அப்படி ஒரு துண்டுதான்! அதனால் 1960-ல் இங்கிலாந்தில் ஹெரால்டு கன்வர்ட்டிபிளை எளிதாகக் கொண்டு வர முடிந்தது. இன்றும் அங்குள்ள ஆர்வலர்கள் ஹெரால்டு சலூனின் கூரையைக் கழற்றி, தேவையான இடத்தில் வலுவூட்டி, திறந்த காராக மாற்றுவது உண்டு.

ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அவரே வடிவமைத்த இன்னொரு டிரையம்ப், 1961-ல் வந்த டிஆர்4. அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு புதுமையான கூரை கிடைத்தது. பின்கண்ணாடி சட்டத்தோடு நிலையாக நிற்கும், தலைக்கு மேலுள்ள பலகையை மட்டும் கழற்றலாம். டார்கா என்ற பெயர் வருவதற்கு முன்பே வந்த டார்கா! ஒரே குறை, கழற்றிய பலகையை வைக்கக் காரில் இடம் கிடையாது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வழியில் மழை வந்தால்? அதற்காகத் தனியாக ஒரு கித்தான் துண்டு கொடுத்தார்கள். அதற்குப் பெயர் சர்ரி டாப்.

பயம் பெற்ற பிள்ளை

1960-களின் நடுவில் அமெரிக்காவில் கார் பாதுகாப்பு பெரிய விவாதமானது. ரால்ப் நேடரின் புத்தகம் 1965-ல் வந்தது, 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கார் உருண்டால் கன்வர்ட்டிபிளில் இருப்பவர் கதி என்ன? அரசு இதைத் தடை செய்துவிடுமோ என்று கம்பெனிகள் பயந்தன. அந்தப் பயத்துக்கு போர்ஷே சொன்ன பதில்தான், 1965-ல் பிராங்பர்ட் கண்காட்சியில் காட்டிய 911 டார்கா. இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு அகலமான உருளைத் தடுப்பு வளைவு. அதற்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே கழற்றும் பலகை. சிசிலியில் 1906 முதல் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

1968-ல் ஷெவ்ரலே கார்வெட் நடுவில் ஒரு பட்டை விட்டு, இரண்டு பக்கமும் கழற்றும் டி-டாப் கூரையோடு வந்தது. 1976-ல் காடிலாக் எல்டொராடோவை "கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள்" என்று சொல்லி விற்றார்கள். ஆனால் எதிர்பார்த்த தடைச் சட்டம் வரவே இல்லை! 1982-ல் கிரைஸ்லர் லீபேரனோடு கன்வர்ட்டிபிள் திரும்பி வந்தது. 1989-ல் மெர்சிடிஸ் எஸ்எல் காரில், உருளும் ஆபத்து வந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் தானே எழும்பும் தடுப்புக் கம்பி வந்தது. அதன் பிறகு "டார்காதான் பாதுகாப்பு" என்ற வாதம் பலவீனமானது.

எது மேல்?

டார்கா: பாடி உறுதி அதிகம், பின்னாலிருந்து சுழன்று அடிக்கும் காற்று குறைவு, கித்தான் கிழியும் கவலை இல்லை. ஆனால் பலகையைக் கையால் கழற்ற வேண்டும், வைக்க இடம் வேண்டும், வானமும் பாதிதான்.

கன்வர்ட்டிபிள்: முழு வானம், திடீர் மழைக்கு உடனே மூடிக்கொள்ளும் வசதி. ஆனால் கூரை போன பலத்தை ஈடுகட்ட அடிப்பகுதியில் இரும்பு சேர்க்க வேண்டும், எடையும் விலையும் ஏறும். நம்ம ஊர் வெயிலில் கித்தான் சீக்கிரம் வெளிறிப் பிய்ந்துவிடும். அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் கதவுக்குக் கீழே தேங்கித் துரு பிடிக்கும். அந்த இடம்தான் காரின் முதுகெலும்பு. துரு எவ்வளவு பெரிய எதிரி என்பது காரைக்குடிக்குத் தெரியாததல்ல. உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இங்கேதான் இருக்கிறது.

ஊர்வலக் கார்

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் திறந்த காரைப் பார்த்தது மாப்பிள்ளை அழைப்பில்தான். பூ அலங்காரம், பேண்டு வாத்தியம், நடை வேகத்தில் போகும் கார். அந்த வேகத்துக்குக் கூரையின் பலம் தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், சாதாரண காரின் கூரையை வெட்டி ஊர்வலக் கார் ஆக்கும்போதுதான். ஹெரால்டு தனிச் சேஸிஸ் உள்ள கார், தாங்கும். அம்பாசிடரும் பத்மினியும் பாடியே சட்டமான கார்கள். கூரையை வெட்டினால் நடுப்பகுதி தொங்கும், கதவு சரியாகச் சாத்தாது. அதே கார் நெடுஞ்சாலையில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதை வெறும் அரசாங்கக் கெடுபிடி என்று நினைத்தால், மேலே சொன்ன அட்டைப் பெட்டியை இன்னொரு முறை முறுக்கிப் பாருங்கள்.

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1980-களின் கடைசியில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஹெரால்டு இப்போது பழைய கார் ஆர்வலர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் அது சொன்ன பாடம் பழசாகவில்லை. கூரையை எடுக்க வேண்டும் என்றால், எடுத்த பிறகு பாரத்தை எது தாங்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். வளவைத் திறந்து விட்ட கொத்தனாருக்கு இது தெரியும். அதனால்தான் முற்றத்தைச் சுற்றி அத்தனை தூண்களை நிறுத்தினார்.