பென்னி ஃபார்திங் பந்தயங்கள்: ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டர்

பென்னி ஃபார்திங் சைக்கிளின் முன்சக்கரம் ஆளின் மார்பு உயரத்துக்கு நிற்கும். பின்சக்கரம் முழங்காலைக்கூடத் தாண்டாது. இன்று சர்க்கஸிலும் கேலிச்சித்திரத்திலும் காணப்படும் இந்த வண்டியைப் பார்ப்பவர்கள், அந்தக் காலத்தில் சைக்கிள் செய்யத் தெரியாமல் இப்படிச் செய்துவிட்டார்கள் என்றே நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அந்த உருவத்தைக் கொடுத்ததே வேகத்தின் மீதிருந்த ஆசைதான். 1870களிலும் 1880களிலும் பந்தயத் தடங்களை ஆண்ட வண்டி இது.

இதில் செயின் கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். எனவே வேகம் வேண்டுமென்றால் காலை வேகமாகச் சுழற்ற வேண்டும், இல்லையேல் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். 1860களில் பாரிஸில் ஓடிய வெலாசிபீட் வண்டிகளுக்கு இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரம். அதைப் பெரிதாக்கினால் எடை தாங்க முடியாது. 1869இல் பாரிஸைச் சேர்ந்த யூஜின் மேயர், இழுவிசையில் நிற்கும் மெல்லிய கம்பிகளால் சக்கரம் செய்து காப்புரிமை பெற்றார். 1870இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ‘ஏரியல்’ என்ற வண்டிக்குக் காப்புரிமை எடுத்தார்கள். கம்பிச் சக்கரம் வந்த பிறகு உயரத்துக்கு ஒரே தடை, ஓட்டுபவரின் கால் நீளம். 54 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 4.3 மீட்டர் போகும். நெட்டையானவர் 60 அங்குலம் வரை ஓட்டலாம். குட்டையானவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. வண்டியைக் காலுக்கு அளவெடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

பந்தய வண்டிகள் வியப்பூட்டும் அளவுக்கு எடை குறைந்தவை. சாலையில் ஓட்டும் வண்டி 20 கிலோ இருந்தால், பந்தய வண்டி ஏறக்குறைய 10 கிலோதான். அதில் பிரேக் வைக்கமாட்டார்கள். ஏறுவதே ஒரு வித்தை. பின்சக்கரத்துக்கு மேலே முதுகுக் குழாயில் இருக்கும் சிறு படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலால் தரையை உந்தி உந்தி வண்டியை ஓடவிட்டு, வேகம் பிடித்ததும் சீட்டுக்குத் தாவி, சுழன்றுகொண்டிருக்கும் பெடலைக் காலால் தேடிப் பிடிக்க வேண்டும். சீட் அச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே இருந்ததால் மிதிக்கும் பலம் முழுதும் நேராகக் கீழே இறங்கியது. அதே அமைப்பில்தான் ஆபத்தும் இருந்தது. முன்சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால் வண்டி அச்சைச் சுற்றி அப்படியே முன்புறம் கவிழும். கால்கள் ஹேண்டில்பாருக்கு அடியில் மாட்டிக்கொள்ள, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.

இத்தனைக்கும் நடுவில் வேகம் ஏறிக்கொண்டே போனது. 1876இல் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் டாட்ஸ் ஒரு மணி நேரத்தில் 25 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். 1882இல் ஹெர்பர்ட் கார்ட்டிஸ் ஒரு மணி நேரத்தில் 20 மைலைத் தாண்டினார், அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல். 1886இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் வில்லியம் ரோவ் 22 மைல் 150 கஜம், அதாவது 35.5 கிலோமீட்டர் ஓட்டினார். சக்கரம் 54 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இதற்கு நிமிடத்துக்கு 137 முறை வீதம் ஒரு மணி நேரம் விடாமல் பெடல் சுற்ற வேண்டும். கியரும் இல்லை, காற்றடித்த டயரும் இல்லை. அந்த உயரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்க வேண்டும். பத்தே ஆண்டில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கூடியதற்கு உள்ளீடற்ற எஃகுக் குழாய்கள், பால் பேரிங், நன்றாகச் சமன்செய்த தடங்கள் எல்லாமே காரணம்.

பந்தயக்காரர்களில் இரண்டு பேரைத் தனியே சொல்லியாக வேண்டும். ஒருவர் அயன் கீத்-ஃபால்கனர். ஆறடிக்கு மேல் உயரம். கேம்பிரிட்ஜில் அரபு மொழி அறிஞர். 1878இல் அங்கே நடந்த ஐந்து மைல் பந்தயத்தில், சைக்கிள் செய்து விற்றுவந்த தொழில்முறை வீரர் ஜான் கீனைச் சில கஜ இடைவெளியில் தோற்கடித்தார். நம் பஞ்சதந்திரக் கதைகள் மேற்கே போய் எடுத்த வடிவமான ‘கலீலா வ திம்னா’வைச் சிரியாக் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவர்தான். மற்றவர் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெண்டி, அமெரிக்காவின் உயர்சக்கர சாம்பியன். பிற்காலத்தில் ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 1901இல் கூட்டாகத் தொடங்கியவர்.

நெடுந்தூர ஓட்டங்களும் குறைந்தவை அல்ல. 1878இல் லண்டன் இஸ்லிங்டனின் அக்ரிகல்ச்சுரல் ஹாலில் டேவிட் ஸ்டான்டன், ஆறு நாளுக்குள் 1,000 மைல் ஓட்டிக்காட்டுவதாகப் பந்தயம் கட்டினார். 73 மணி நேரச் சவாரியில் முடித்தார். சராசரி மணிக்கு 22 கிலோமீட்டர். பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ குரோட்ஸ் வரை 1882இல் கீத்-ஃபால்கனருக்கு 13 நாள் பிடித்தது. 1886இல் ஜார்ஜ் பில்கிங்டன் மில்ஸ் என்ற 19 வயது இளைஞர் அதே பயணத்தை 5 நாள் 1 மணி 45 நிமிடத்தில் முடித்தார். அந்தக் காலத்து மண் சாலையில், திட ரப்பர் டயரில், நாளுக்குச் சுமார் 275 கிலோமீட்டர்.

இந்த வண்டி செயின் வந்ததால் ஒழிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயின் பூட்டிய ‘ரோவர்’ வண்டியை 1885இல் கொண்டுவந்தார். கீழே விழுந்தாலும் பெரிய அடி படாது. ஆனால் சிறிய சக்கரமும் திட டயரும் சேர்ந்து குலுக்கி எடுத்தன. ரோவின் சாதனை அதற்கு அடுத்த ஆண்டு நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடித்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் அந்த டயரில் பந்தயங்களை வென்றதும் உயர்சக்கரத்தின் கதை முடிந்தது. அதைத் தோற்கடித்தது செயினைவிடக் காற்றுதான். அப்படியும், பின்னாளில் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி டெக்ரான்ஜ் 1893இல் பாரிஸில் காற்று டயர் சைக்கிளில் படைத்த, அதிகாரபூர்வமான முதல் ஒரு மணி நேரச் சாதனை 35.325 கிலோமீட்டர்தான். ரோவ் போன தூரத்தைவிட 200 மீட்டருக்கு மேல் குறைவு.

பந்தயம் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் எவண்டேல் என்ற சிற்றூர் 1983 முதல் பென்னி ஃபார்திங் பந்தயம் நடத்துகிறது. மில்ஸின் சாதனையை 2019இல் ரிச்சர்ட் தோடே 4 நாள் 11 மணி 52 நிமிடத்தில் முறியடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில், உலகை 79 நாளில் சைக்கிளில் சுற்றிவந்த மார்க் பியூமான்ட் உயர்சக்கரத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பிரிட்டிஷ் சாதனை படைத்தார். அவர் கடந்த தூரம் 35.28 கிலோமீட்டர், ரோவை அவராலும் எட்ட முடியவில்லை.